வலி அடங்கிய கால்

அருணாதேவி இரண்டு வாரமாக நிம்மதியாகத் தூங்கினாள். பகலிலும் கால் எரிச்சல் இல்லை என்றாள். அதுதான் அவள் கணவன் வேணுவுக்கு உறுத்தியது.

சர்க்கரை வியாதியில் நரம்பு கெட்டு, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும் கால் அது. எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. கடைசியில் டாக்டர் வினோதினி, சோதனை முயற்சியாக அவள் கணுக்காலில் ஒரு பட்டையை ஒட்டினார்.

"இதுல மருந்து இல்லைங்க. உடம்புல இருக்கிற உப்போட அயனிதான். கண்ணுக்கே தெரியாத துளைங்க வழியா அது நரம்புக்குப் போயி வலியை அடக்கும். ராத்திரி மட்டும் துளை திறக்கும். நடமாடுற நேரத்துல காலுக்கு உணர்ச்சி வேணும். அதனால பகல்ல மூடிக்கும்."

செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டும் வேணு, வலி தீர்க்கும் கல் என்று வெளிநாட்டுக்காரர்களிடம் விற்பவர்களை நிறையப் பார்த்தவன். துளை திறந்திருக்கும்போது மட்டும் எரியும் பட்டையின் பச்சை விளக்கையே கவனித்துக்கொண்டிருந்தான்.

"வெளக்கு அணைஞ்சிருக்குதே, இப்பவும் காலு எரியலையா?"

"எரியலைன்னா உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

பௌர்ணமியன்று மதியம் சாப்பிட வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். தரையெல்லாம் ரத்தக் காலடிகள். அருணாதேவி தன் பாட்டுக்கு அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு.

"ஐயோ, எனக்குத் தெரியவே இல்லைங்க!"

கிரிவலக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவளை ஆட்டோவில் ஏற்றி வினோதினியின் ஆஸ்பத்திரிக்குப் போனான். காயத்துக்குத் தையல் போடும்போதே வேணு சத்தம் போட்டான். "பகல்ல மூடிக்கும்னு சொன்னீங்களே!"

வினோதினி பட்டையைக் கழற்றி, அயனி ஓட்டத்தை அளக்கும் மீட்டரில் வைத்தார். அணைத்த பிறகும் முள் கீழே இறங்கவில்லை.

"துளைங்க சரியா மூடலைங்க. அயனி கசிஞ்சிக்கிட்டே இருந்திருக்குது. தப்பு எங்களோடதுதான்."

அன்றே பட்டை போட்டிருந்த எல்லோரையும் வரவழைத்துக் கழற்றிவிட்டார்கள்.

தன் சந்தேகம் சரிதான் என்று வேணுவால் சந்தோஷப்பட முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் எரிச்சல் திரும்பிவிட்டது.

"நீங்க பண்ணது சரிதாங்க," என்றாள் அருணாதேவி, பல்லைக் கடித்தபடி. "ஆனா அந்த ரெண்டு வாரம்தான் நான் மனுஷியா இருந்தேன்." வேணு அவள் காலை மடியில் வைத்து விசிறினான்.

சில மாதம் கழித்து வினோதினி மறுபடி கூப்பிட்டார். புதிய பட்டை வந்திருந்தது.

"முதல்ல மீட்டர்ல வெச்சுக் காட்டுங்க மேடம்," என்றான் வேணு.

அணைத்ததும் முள் பூஜ்யத்தில் விழுந்தது. இன்னொரு தரம் காட்டச் சொன்னான். அப்போதும் அப்படியே. மூன்றாவது தரம் கேட்க வாயெடுத்தவனை அருணாதேவி முந்திக்கொண்டு காலை நீட்டினாள்.

"ஒட்டுங்க மேடம். அவரு தினமும் என் பாதத்தைப் பாத்துக்கட்டும்."