சிவப்பு மிதவை வரை

எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று வெளியே வரும். துணிக்கொடியோடு கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்து, பின்வாசலைத் தாண்டி, மரப்பலகைத் துறையில் இறங்கி, அங்கே கட்டியிருக்கும் சின்னப் படகுக்குள் போய் முடியும். நாய்க்குச் சங்கிலி போட்ட மாதிரி படகுக்கு ஒயர் போட்டிருக்கிறார்களே என்று நான் சொன்னது தெருவெல்லாம் பரவிவிட்டது. நான் பரப்பவில்லை, ரெண்டு பேரிடம்தான் சொன்னேன்.

படகுக்காரருக்குத் தெருவில் 'சார்ஜர்' என்று பெயர். மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் படித்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். வீடு அவர்களுடையதல்ல. அக்காவின் அண்ணனுடையது. அவர் துறைமுனையில் படகுகளுக்கு டீசல் ஊற்றும் பங்க் வைத்திருப்பதால் 'டீசல் அண்ணன்'. தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் பின்கட்டில் இருக்கிறார்கள். அந்தச் சமையலறைக்கு எதிரே என் சமையலறை. பார்க்க வேண்டும் என்று பார்ப்பதில்லை. பாத்திரம் தேய்க்கும்போது கண்ணை எங்கே வைத்துக்கொள்வது?

வீட்டுக்குப் பின்னால் கழி. கடல் உள்ளே வந்து படுத்துக்கொண்டது போல அகலமான தண்ணீர். அக்கரையில் சார்ஜரின் ஒரே மகள் குடியிருந்தாள். தையல்காரி. தனக்குப் பிடித்தவனோடு அவள் போய் மூன்று வருஷமாகிறது. அன்றைக்கே டீசல் அண்ணன் சொல்லிவிட்டார்: "அவ வீட்டு வாசப்படிய மிதிக்கிறவங்க என் வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது." அக்கா அழுதாள். சார்ஜர் சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு போக்கிடம் இல்லாதவர்கள் சண்டை போட முடியுமா?

பாலம் சுற்றி பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். கண்டக்டர் டீசல் அண்ணனின் சிநேகிதன். டிக்கெட் கிழிக்கும் முன்பே செய்தி வந்து சேர்ந்துவிடும்.

அதனால்தான் சார்ஜர் இந்தப் பழைய மரப்படகை வாங்கி மின்மோட்டார் மாட்டினார். சத்தமே இல்லாமல் போகும், யாருக்கும் தெரியாது என்று கணக்கு. "காத்து வாங்கப் போறேன் மச்சான்" என்றார். டீசல் அண்ணன் சிரித்தார். "போங்க மாப்பிள்ளை. ஆனா சாயங்காலம் நான் டிவி போட்டதும் உங்க ஃப்யூஸப் புடுங்கிடுவேன். ரெண்டும் சேர்ந்தா வீடே இருட்டாயிடுது."

இருட்டாவது உண்மைதான், அந்த வீட்டு ஒயரிங் அப்படி. ஆனால் பிடுங்கிய ஃப்யூஸைக் காலையில் மெதுவாகத்தான் மாட்டுவார். ஆகவே அந்தப் பேட்டரி ஒருநாளும் முழு வயிறு சாப்பிட்டதில்லை.

கழியின் நடுவில் ஒரு சிவப்பு மிதவை உண்டு. சார்ஜரின் உலகம் அதோடு முடிந்தது. அதைத் தாண்டினால் திரும்பி வரக் கரண்ட் இருக்காது. மரப்படகென்றால் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசியும். அதை வெளியேற்றும் குட்டிப் பம்ப்பும் அதே பேட்டரியில்தான் குடிக்கும். மிதவைக்குப் போய் மோட்டாரை அணைத்துவிட்டு அக்கரையைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். சும்மா இருந்தால் பேட்டரிக்கு மூச்சு வரும், அதன் மீட்டர் முள் மெல்ல மேலே ஏறும். அதைப் பார்த்து ஆசை வந்து மோட்டாரைப் போடுவார். போட்டதும் முள் பொத்தென்று விழும். வாழ்நாளெல்லாம் மீட்டர் படித்த மனுஷன், ஒவ்வொரு தடவையும் அந்த முள்ளை நம்பினார்.

"என்ன மாமா, இன்னைக்கும் பாதிக் கழிதானா?" என்று ஜன்னலிலிருந்து கேட்பேன்.

"மீதிய நாளைக்கு வச்சிருக்கேம்மா" என்பார்.

அப்படியிருக்கும்போது மகளிடமிருந்து அக்காவுக்கு ஃபோன் வந்தது. புருஷனுக்கு எங்கோ தூரதேசத்தில் வேலை. வருகிற சனிக்கிழமை வீட்டைக் காலி செய்து கிளம்புகிறார்கள். எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. இதை அக்கா என்னிடம் கிசுகிசுவென்று சொன்னாள், நானும் கிசுகிசுவென்றே வைத்துக்கொண்டேன்.

சார்ஜர் புதன்கிழமை மெக்கானிக் கடையிலிருந்து பஸ்ஸிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி ரெண்டைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். ஒன்றுக்கு மூன்றாக இருந்தால் போய்விட்டு டிவி நேரத்துக்குள் வந்துவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பேட்டரி என்றால் கல். மூன்றையும் ஏற்றியதும் படகு ஒரு சாண் அமுங்கியது. தண்ணீருக்கு மேலேயே இருந்து வெயிலில் காய்ந்து வாய் பிளந்திருந்த பலகைகள் முதல்முறையாகத் தண்ணீருக்குள் போயின. மிதவைக்குப் பக்கத்தில் போனபோது கணுக்கால் வரை தண்ணீர். பம்ப் இறைக்க, பேட்டரி இறங்க, மோட்டார் இருமிவிட்டு நின்றது. தண்ணீரை இறைக்கக் கரண்ட், கரண்டுக்குப் பேட்டரி, பேட்டரி ஏற்றியதால் தண்ணீர். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சுவர்.

டீசல் அண்ணன் தன் படபடா படகில் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தார். துறையில் பாதித் தெரு நின்றது. நான் முன்னால் நின்றேன்.

"மாப்பிள்ளை காத்து வாங்கப் போயி தண்ணிய வாங்கிட்டு வந்துட்டாரு" என்றார் டீசல் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். சார்ஜரும் சிரித்தார். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

சனிக்கிழமை காலை. டீசல் அண்ணன் பங்க்குக்குப் போயாகிவிட்டது. சார்ஜர் ரெண்டு பழைய பேட்டரியையும் துறையில் இறக்கி வைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றையே வெறித்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தாள்.

"போறதுக்கு மட்டும் போதுமா?"

"மெதுவாப் போனா போறதுக்குப் போதும். வர்றதுக்கு?"

"வர்றதப் பத்தி அங்க போய்க் கவலைப்படலாம். அவ வீட்டுல பிளக் இல்லாமலா போயிடும்?"

"பம்ப் வேற இருக்கே."

"அத அணைங்க. நான் இறைக்கிறேன்."

"நீயும் ஏறினா கனம் கூடுமே."

"அந்த ரெண்டு பேட்டரிய விட நான் கனமா? வாய மூடிட்டு ஒயரக் கழட்டுங்க."

ஏறி நடுவில் உட்கார்ந்தாள். படகு கிளம்பியது. அவ்வளவு மெதுவாக ஒரு படகு போய் நான் பார்த்ததில்லை. பிணம் மிதந்தால்கூட முந்திவிடும். வழக்கமாக, சீக்கிரம் திரும்ப வேண்டுமே என்று விரட்டுவார், பேட்டரி பாதியிலேயே கவிழும். அன்று திரும்புவது என்ற பேச்சே இல்லை. அக்காவின் வாளி ஏறி இறங்கியது தெரிந்தது. என் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். படகு மிதவைக்குப் போனது. நின்றது. பிறகு தாண்டியது.

மத்தியானம் டீசல் அண்ணனுக்கு ஃபோன். நான் பங்க்கில்தான் இருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். சார்ஜர் குரல் எனக்கே கேட்டது.

"மச்சான், அக்கரைத் துறையில இருக்கோம். பேட்டரி சுத்தமா இறங்கிடுச்சு."

"அவ வீட்டுல சொருகுறதுதானே?"

"வீட்டக் காலி பண்றாங்கன்னு நேத்தே வாரியத்துல வந்து கரண்டக் கட் பண்ணிட்டாங்க மச்சான்."

நாற்பது வருஷம் அந்த வாரியத்துக்கு உழைத்தவர்! டீசல் அண்ணன் ஃபோனை வைத்தார். தங்கையை அக்கரையில் விட்டுவிட்டு டிவி பார்க்க முடியாது. வேறு யாரையாவது அனுப்பினால் ஊரே சிரிக்கும். எழுந்து படகில் இறங்கினார். ஒரு கை கூட இருந்தால் நல்லதுதானே என்று நானும் ஏறிவிட்டேன்.

அக்கரைத் துறையில் மூன்று பேர். அக்கா வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். சார்ஜர் செத்துப்போன மோட்டாருக்குப் பக்கத்தில். துறை விளிம்பில் அவர்கள் மகள், ஊருக்குக் கிளம்பும் உடுப்போடு. யாரும் யாரையும் திட்டிக்கொண்டோ கட்டிக்கொண்டோ இல்லை. பேச வேண்டியதைப் பேசி முடித்த முகங்கள்.

டீசல் அண்ணன் இறங்கவில்லை. கையில் கயிறு. கயிற்றை எறிந்தால் பிடிக்கக்கூடிய இடத்தில் நின்றது அவள் ஒருத்திதான். அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கயிறெல்லாம் பழக்கமில்ல அண்ணே" என்றேன். மீன்காரன் மகள் நான்.

எறிந்தார். அவள் பிடித்து அப்பாவின் படகில் குனிந்தாள்.

"நடுப்பலகையிலயா மாமா, மூக்குலயா?" என்று டீசல் அண்ணனைக் கேட்டாள்.

அவர் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தப்பாகக் கட்டினால் படகு கவிழும்.

"நடுவுல கட்டினா குப்புறத் தள்ளிடும். மூக்குல கட்டு." அப்புறம், "ரெண்டு சுத்துப் போதும். நனைஞ்சா அவிழாது."

அவள் ரெண்டே சுற்றுச் சுற்றினாள். தெருவில் வண்டி ஹாரன் அடித்தது.

"எத்தனை மணிக்கு வண்டி?" என்று கயிற்றைப் பார்த்துக் கேட்டார்.

"வந்தாச்சு மாமா."

"ம்." பையைத் தடவினார், ஒன்றும் கிடைக்கவில்லை. "அங்க குளிராமே. பார்த்துக்க."

திரும்பி வரும்போது ரெண்டு படகையும் சேர்த்திருந்தது அந்த ஒரு கயிறுதான். முன்னால் அவர், பின்னால் அவர்கள். மிதவையைத் தாண்டியதும் டீசல் அண்ணன் சத்தமாகச் சொன்னார், என்னிடம் சொல்வது மாதிரி: "துறையில நின்னுதானே பேசினோம். யார் வீட்டு வாசப்படியையும் மிதிக்கல." அக்கா வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் ஃப்யூஸைப் பிடுங்குவதில்லை. நான் போய்ப் பார்த்தேன், ஃப்யூஸ் கட்டை அதன் இடத்திலேயே இருக்கிறது. டிவிக்குத் தனி ஒயர் இழுத்துவிட்டார். சார்ஜரின் முள் இப்போது தினமும் உச்சியில் நிற்கிறது. அவரும் தினமும் கிளம்புகிறார். மிதவை வந்ததும் திரும்பிவிடுகிறார்.

"என்ன மாமா, இப்பத்தான் ஃபுல்லா இருக்கே, ஒரு தடவை அந்தக் கரைய எட்டிப் பார்த்துட்டு வர்றதுதானே?" என்றேன் நேற்று.

ஒயரைச் சொருகிக்கொண்டே சொன்னார்: "அங்க யாரும்மா இருக்கா?"