கொட்டகை வாசல் கல்

கிழக்கு ஜெர்மனியோடு இருந்த எல்லையைத் திறந்துவிட்ட அந்த வருஷம் மே மாதத்தில், அந்த நாட்டு எண்பலகையோடு ஒரு சின்னக் கார் வேலியோரம் வந்து நின்றபோது கெனோவெஃபா பன்றித் தொட்டியில் உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டிக்கொண்டிருந்தாள். காரிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி தனியாக இறங்கினாள். இறங்கியவள் ஆட்களைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள், பிறகு மாடி ஜன்னலை. அந்தப் பார்வையிலேயே கெனோவெஃபாவுக்கு விளங்கிவிட்டது.

உள்ளே அவள் புருஷன் வின்செந்திக்கும் விளங்கியிருக்க வேண்டும். கட்டிலுக்கடியிலிருந்து மரப்பெட்டியைத் தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்கடி! இத்தனை வருஷமா சொன்னேன்ல?"

"கத்தாதீங்க. ஒத்தப் பொம்பள வந்திருக்கா. பட்டாளமா வந்திருக்கு?"

"இன்னிக்குப் பொம்பள வருவா. பின்னாடியே பட்டாளம் வரும்."

போர் முடிந்த கையோடு, புக் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த அவர்கள் ஊர் வேறு நாடாகிப்போனது. ஊரையே மாடு ஏற்றும் ரயில் பெட்டியில் ஏற்றி, ஓடர் ஆற்றங்கரையில் இந்த ஊரில் இறக்கிவிட்டார்கள். ஜெர்மன்காரர்கள் விட்டுப்போன வீடு. அலமாரியில் அவர்கள் தட்டுகள், சுவரில் அவர்கள் அடித்த ஆணிகள். ஊருக்கு மட்டும் புதுப்பெயர் வைத்தார்கள். வின்செந்தி அன்று கட்டிய மூட்டையை மனதிற்குள் அவிழ்க்கவேயில்லை. ஓடு உடைந்தால் மாற்றமாட்டான், ஒழுகும் இடத்தில் வாளி வைப்பான். "எவன் வீட்டுக்கோ நான் ஏன் செலவு பண்ணணும்?" ஒரு ஆப்பிள் கன்று நடவில்லை. ஆறு மாதத்தில் கைக்கு வராத எதையும் அவன் மண்ணில் போட்டதில்லை. பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள், வளர்ந்து நகரத்துக்கும் போய்விட்டார்கள். இவன் இன்னும் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவான். அந்த வியாதி அவளுக்கும் எப்போதோ தொற்றியிருந்தது.

வந்தவள் ஜெர்மனில் பேசினாள். போர்க்காலத்தில் ஒரு ஜெர்மன் பண்ணையில் அடிமை வேலை பார்த்தபோது கெனோவெஃபா கற்ற பாஷை. அதற்குப்பின் அது அவள் வாயில் வந்ததில்லை.

"நான் வீட்டைக் கேக்க வரலைங்க. பேரு இர்ம்கார்ட், இங்கதான் பொறந்தேன். மேட்டு இடுகாட்டுல எங்கப்பா கல்லறையத் தேடினேன். புதரா இருக்கு, ஒரு கல்லுகூட இல்லையே. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கெனோவெஃபா கொட்டகைப் பக்கம் பார்த்தாள். தெரியாது என்று சொல்லிவிடலாம். ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பல வருஷம் முன்பு ஒரு மழைக்காலத்தில் மாட்டுக் கொட்டகை வாசலில் முழங்கால் சேறு. சிமெண்டுக்குப் புருஷன் காசு தரவில்லை. எல்லோரும் எடுக்கிறார்களே என்று அவளும் மேட்டிலிருந்து ஒரு கருங்கல்லைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தாள். எழுத்தைப் படித்துவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டே கவிழ்த்துப் போட்டாள். அன்றிலிருந்து அதை மிதிக்காமல் தாண்டித்தான் போவாள். புக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவள் அம்மாவைப் புதைத்த இடம் இருக்கிறது. அங்கே போய் அதை யாரிடம் விசாரிப்பது?

"வாங்க," என்றாள்.

கொட்டகை வாசலில் அவள் கையில் கடப்பாரையைப் பார்த்ததும் வின்செந்தி ஓடிவந்தான். "பைத்தியமாடி உனக்கு? வீட்ட நாமளே எழுதிக் குடுக்கற மாதிரி இது!"

"ஆமா. இந்தப் பக்கம் வந்து ஒரு கை குடுங்க."

அவன் அசையவில்லை. அவள் ஒற்றையாளாக நெம்பினாள். கல் பாதி எழும்பி மறுபடி விழப்போனபோது, திட்டிக்கொண்டே வந்து பிடித்தான். புரட்டினார்கள். புழுவும் சேறுமாக இருந்தது. கெனோவெஃபா ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினாள்.

இர்ம்கார்ட் குனிந்து படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தார்கள். தோள் குலுங்கியது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா இல்லைங்க. மில்லுக்கார க்னிஸ்பெல். வாய்க்கால் தகராறு. ரெண்டு பேரும் சாகிற வரைக்கும் பேசிக்கல. அந்த ஆளு எங்க மாட்டுக் காலடியில கெடந்தான்னு தெரிஞ்சா எங்கப்பா ஊருக்கே பீர் வாங்கிக் குடுத்திருப்பாரு!"

கெனோவெஃபாவுக்கும் சிரிப்பு பீறிட்டது. புருஷனுக்கு எடுத்துச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப இவங்கப்பன் யார் வீட்ல கெடக்கான்?"

குனிந்து கடப்பாரையை எடுத்தான்.

"லுட்விகா வீட்டுக் கிணத்தடியில ரெண்டு கல்லு இருக்கு," என்றான். "பால் ஊத்துற மேடையில மூணு. எனக்குத் தெரியும்."

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான். இரண்டு பெண்களும் பின்னால் ஓடினார்கள். லுட்விகா தன் வேலிக்கதவை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்ல ஒரு கல்லும் இல்ல. வேணும்னா போலீஸக் கூப்பிடு."

"கோழி எது மேல நிக்குது, லுட்விகா?"

"மண்ணு மேல."

"கதவத் தொற."

"எதுக்கு? இன்னிக்குக் கல்லு கேப்பா, நாளைக்குக் கிணறு கேப்பா. நீதானய்யா இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்த!"

தெருவில் ஒவ்வொரு வீடாகத் தாழ்ப்பாள் விழுந்தது. இர்ம்கார்ட் வின்செந்தியின் சட்டைக்கையைப் பிடித்து, போதும் என்பதுபோல இழுத்தாள். அவன் நகரவில்லை. கடப்பாரையை மண்ணில் குத்தி ஊன்றிக்கொண்டு அந்தக் கதவின் முன்னாலேயே நின்றான்.

மேய்ச்சலிலிருந்து மாடுகள் திரும்பும் நேரமாகிவிட்டது. கெனோவெஃபா மட்டும் வீட்டுக்கு ஓடினாள். பசு அவளுக்கு முன்பே வந்திருந்தது. கல் இருந்த இடத்தில் பள்ளம், அதில் கலங்கிய தண்ணீர். ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், அது கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தது.