ஒரு கட்டைவிரல், இருபத்து மூன்று குடும்பம்

ஊர் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றுவதற்காக அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலையே அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியை அரசாங்கமே நடத்த வேண்டுமா, இல்லை வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கும் காப்பீட்டுக் கார்டை வைத்துக் கம்பெனிக்காரன் கையிலேயே விட்டுவிடலாமா என்று இரண்டு கட்சிகளும் மக்கள் முன்னால் மோதிப் பார்ப்பதாக ஏற்பாடு. வியாதிக்காரர்கள் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே பூந்து புறப்பட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வைஜெயந்தி தன் புருஷன் தேசப்பனைத் தோளில் தாங்கிக்கொண்டு அப்படித்தான் போனாள். "உக்காருங்கக்கா, கடைசில பிரியாணி இருக்குது" என்று ஒரு தொண்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். நல்ல மனுஷன்.

தேசப்பனுக்கு உப்பளத்துப் பாத்தியில் கிளிஞ்சல் கிழித்த கால். சர்க்கரை வேறு. இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன. டாக்டர் ஜெயப்ரியா கட்டைப் பிரித்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"இன்னிக்கே இந்த ரெண்டையும் எடுத்துடணும்மா. தள்ளிப்போட்டா மேல ஏறிடும், அப்புறம் காலே போயிடும். ஆபரேஷன் டாக்டர் வாரத்துல இன்னிக்கு மட்டும்தான் வர்றாரு, ஒரு மணிக்குக் கிளம்பிடுவாரு. சீக்கிரம் கவுண்டர்ல கட்டைவிரல வச்சுட்டு வாங்க."

அதுதான் புதுச் சீர்திருத்தம். டாக்டர் இருக்கலாம், கத்தி இருக்கலாம், அழுகுகிற கால் கண்ணெதிரே இருக்கலாம். காப்பீட்டுக் கார்டில் பதிந்த குடும்பத் தலைவரின் கட்டைவிரலை மெஷின் ஒத்துக்கொண்டால்தான் ஆபரேஷன் தியேட்டர் திறக்கும்.

தேசப்பன் விரலை வைத்தார். சிவப்பு விளக்கு. "தலையில தேய்ச்சுட்டு வைங்க" என்றார் கவுண்டர்க்காரர். தலையில் இருந்த எண்ணெயையெல்லாம் விரலில் ஏற்றி வைத்தார். மறுபடியும் சிவப்பு. கார்டை இதுவரை எடுக்கவே நேராத வைஜெயந்திக்கு அப்போதுதான் சுரீரென்றது. ஐயோ, கார்டில் இருப்பது இவர் விரலே இல்லையே!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்டு கொடுக்கும் முகாம் அவள் தெருவுக்கு வந்தது. உப்பு வாருகிறவர்கள் கையில் ரேகை ஏது? எல்லோருடைய விரலும் மழமழவென்று கிடந்தது. மெஷின் எதையும் ஏற்கவில்லை. முகாமுக்கு வந்தவனுக்கு அன்றைக்கு நூறு கார்டு முடித்தாக வேண்டும். "யார் விரலாவது வைங்கப்பா, சாயங்காலம் ஆவுது" என்று எரிந்து விழுந்தான். அந்தத் தெருவில் உப்பைத் தொடாத ஒரே ஆள், செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் பிரிட்டோ. அவன் விரலில் ரேகை கோலம் போட்டாற்போல இருக்கும். கல்யாணத்துக்கு நாலு நாற்காலி கேட்டால் கொடுப்பதில்லையா? அப்படித்தான் கொடுத்தான். இருபத்து மூன்று குடும்பத்துக்கும் அவன் விரலே. ஈ பறந்தால்கூடக் கண்டுபிடிக்கும் என்று பீற்றிக்கொண்ட கம்ப்யூட்டர், ஒரே விரலை இருபத்து மூன்று தடவை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏப்பம்கூட விடவில்லை. அன்றிலிருந்து தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் பிரிட்டோ கடையைச் சாத்திவிட்டு விரலோடு வந்து நிற்பான்.

மணி பன்னிரண்டே கால். பிரிட்டோவைத் தேடி வைஜெயந்தி வெளியே ஓடினாள். ரொம்ப தூரம் ஓட வேண்டியிருக்கவில்லை. அவன் மேடையிலேயே உட்கார்ந்திருந்தான், கழுத்தில் சால்வையோடு!

கார்டுக்காக வாதாட வந்த அரவிந்தன் மைக்கைப் பிடித்திருந்தார். "இந்த ஏரியாவுலயே நம்ம திட்டத்த அதிக தடவை பயன்படுத்தின விரலு இவரோடதுதான்! இவர் முகத்துல தெரியுற சந்தோஷமே திட்டத்தோட வெற்றி!"

பிரிட்டோ முகத்தில் தெரிந்தது பீதி. அரசாங்கமே நடத்த வேண்டும் என்று வாதாட வந்த பக்கிரி ஒரு தாளை ஆட்டிக்கொண்டு எழுந்தார்.

"எதுக்குப் பயன்படுத்தினாருன்னு நான் சொல்றேங்க. ரெண்டு பிரசவம், ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன், மூணு கண்ணுல புரை! தம்பி, அந்த மூணாவது கண்ண எங்கப்பா வச்சிருக்க?"

பந்தலே சிரித்தது. அரவிந்தன் அசரவில்லை. "ஆம்பளைக்கே பிரசவம் பாக்குற அளவுக்கு ஒரு திட்டம் இருக்குதுன்னா, அது சாதனைதானேய்யா!" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். பிரியாணி வரும்வரை எதற்கும் தட்டுவார்கள்.

வைஜெயந்தி மேடையேறி பிரிட்டோவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "எழுந்து வாப்பா, ஒரு மணிக்குள்ள அவரு கால காப்பாத்தணும்."

"யாரும்மா நீ?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். மைக் அவள் வாயருகே வந்தது. அவள் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்கலாம். ஆனால் பிரிட்டோவைத் திருடனாக்கி ஊரே சிரிக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரம்.

"பிரிட்டோ ஒண்ணும் திருடல. அது எங்க தெரு விரலுங்க. நாங்கதான் கேட்டு வாங்கினோம். எங்க கையில ரேகை இல்ல, உப்பு தின்னுடுச்சு. பாருங்க." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "டாக்டர் இருக்காரு, என் வூட்டுக்காரரு இருக்காரு. இன்னும் உங்களுக்கு இன்னா வேணும்?"

அப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. காலையிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத அரவிந்தனும் பக்கிரியும் ஒத்துப்போனார்கள். "மோசடி" என்றார் ஒருவர். "பச்சை மோசடி" என்றார் மற்றவர். விசாரணைக் குழு போட வேண்டும், அதுவரை அந்த விரலை முடக்க வேண்டும் என்று அங்கேயே தீர்மானமாயிற்று. அரசாங்க வேலை ஆமை வேகம் என்று யார் சொன்னது? ஒரே போன். பத்தே நிமிஷம்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு பிரிட்டோ கவுண்டரில் விரலை வைத்தான். சிவப்பு. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு. இருபத்து மூன்று வீட்டுக்கும் சேர்த்துச் சிவப்பு. ஜெயப்ரியா யார் யாருக்கோ போன் போட்டுக் கெஞ்சினார். ஆபரேஷன் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு ஒன்று இருபது வரை காத்திருந்தார். அப்புறம் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

தன் வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்று வைஜெயந்தி தலையில் அடித்துக்கொண்டாள். நாலு நாள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். குழுவுக்குத் தலைவர் எந்தக் கட்சி என்பதில் விவாதம் முடியவில்லை என்றார்கள். பாவம், அவர்களுக்கும் எவ்வளவு வேலை.

ஐந்தாம் நாள் காலையில் தேசப்பனுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சுக் குழறியது. ஆம்புலன்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. எதற்கும் இருக்கட்டும் என்று பிரிட்டோவும் கூடவே ஏறிக்கொண்டான். அங்கே தள்ளுவண்டி ஓடியது, கதவு திறந்தது, இரண்டு மணி நேரத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வைஜெயந்தி நர்ஸைப் பிடித்துக் கேட்டாள். "ஏம்மா, இங்க யாரும் கார்டு கேக்கலியே? விரலு வைக்கச் சொல்லலியே?"

"எமர்ஜென்சிக்கெல்லாம் எதுவும் வேணாம்மா. முழுக்க ஃப்ரீ."

"போன வாரம் ரெண்டு கால்விரல எடுக்கறதுக்குக் கேட்டாங்களே?"

"அது எமர்ஜென்சி இல்லல்ல" என்றாள் நர்ஸ். அவள் தப்பாக எதுவும் சொல்லவில்லை. விதி அப்படித்தான். வைஜெயந்தி வாய் நிறையத் திட்டு வைத்திருந்தாள். திட்டுவதற்குத்தான் அங்கே ஆளில்லை.

சாயங்காலம் தேசப்பன் கண் விழித்தார். இடுப்புவரை போர்வை மூடியிருந்தது. அதை அவர் இன்னும் விலக்கிப் பார்க்கவில்லை. வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இன்னாடி, மெஷினு ஏத்துக்கிச்சா?"

"ஏத்துக்கிச்சுய்யா" என்றாள் வைஜெயந்தி. "நீ தூங்கு."