நடுவில் மூன்று ராத்திரி

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் என்றால் வாயெல்லாம் பல்லாகத்தான் திட்டம் போடுவார்கள். ஸ்வீட்லின் திட்டம் போட்டதைப் பார்த்திருந்தால், ஆஸ்பத்திரியில் கிடக்கிற யாருக்கோ சாப்பாடு கட்டுகிறாள் என்றுதான் நினைப்பீர்கள். டீச்சர் வேலை முடிந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முகம் கழுவி, காபியைக் குடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்காருவாள். ஆம்ஸ்டர்டாமில் இறங்க வேண்டும். அங்கிருந்து ரயிலில் பாரீஸ், பிறகு ஸ்டுட்கார்ட், சூரிச், கடைசியில் ரோம். கோடை விடுமுறைக்கு ஐந்து நாடுகள். ஈபிள் கோபுரத்தின் படத்தைப் பார்த்தபோதும் முகத்தில் ஒரு அசைவு இல்லை. உள்ளூர் வண்ணார்பேட்டையில் செல்போன் டவரைப் பார்க்கிறவளுக்கு என்ன முகம் இருக்குமோ அந்த முகம்தான்.

"ரோமாபுரிய விட்டுராத மக்களே, பவுல் அப்போஸ்தலர் கால் பட்ட ஊரு" என்று அடுக்களையிலிருந்து சாலோமி குரல் கொடுப்பாள்.

சாலோமி அவளுடைய மாமியார். மருமகளைப் பாசமாக 'மக்களே' என்றுதான் கூப்பிடுவாள். மகன் ஜெய்சன் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்தில் இன்ஜினியர். போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமியாரும் மருமகளும் பாளையங்கோட்டையில் ஒரே வீட்டில் இருந்தார்கள். சண்டையா? மூச்! மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு மருமகள் தட்டுக்குத்தான் போகும். ஸ்வீட்லினுக்குத் தலைவலி என்றால் சாலோமிதான் தைலம் தேய்த்துவிடுவாள். பெற்ற தாயை இழந்த பெண்ணுக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

வேண்டியது ஒன்று இருந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் ஜெய்சன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, அவனுக்குப் பின்னால் ஒரு பெண் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே நடந்துபோனாள். அவள் போட்டிருந்தது ஜெய்சனின் சட்டை. ஸ்வீட்லின் பேச்சை நிறுத்தினாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரி. அவ வீட்டுல தண்ணி வரல" என்றான். ஸ்டுட்கார்டில் தண்ணீர் வரவில்லையாம்! புளுகுவதற்கும் ஒரு லட்சணம் வேண்டாமா? ஸ்வீட்லின் "சரி அத்தான்" என்று சொல்லி போனை வைத்தாள். அழவில்லை. மறுநாள் ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்தினாள். ஊசி போட்ட பல்லைப்போல எல்லாம் மரத்துக் கிடந்தது. தொட்டால் இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அவள் இந்தப் பயணத் திட்டத்தைக் கையில் எடுத்தாள். பயணத்தின் நடுவில், ஸ்டுட்கார்டில், அவன் வீட்டில் மூன்று ராத்திரி. மற்ற நாடெல்லாம் சும்மா ஒப்புக்கு. அந்த மூன்று ராத்திரிக்கு அவன் வா என்று சொன்னால் அவளுக்கு இன்னும் ஒரு வீடு இருக்கிறது. வேண்டாம் என்றால் இல்லை. கேட்டுச் சண்டை போட அவளுக்குத் தெம்பு இல்லை. திட்டத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். அவன் கல்லுளிமங்கன், வாரக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை.

சாலோமியிடம் எதையும் சொல்லவில்லை. மகன் என்றால் உயிரை விடுகிறவள். ஒரு ஆண்டவர் வானத்தில், ஒரு ஜெய்சன் ஜெர்மனியில் என்று இருக்கிற பொம்பளை. விஷயம் தெரிந்தால் அன்றைக்கே படுத்துவிடுவாள் என்று ஸ்வீட்லின் பயந்தாள்.

அந்தச் சாலோமி என்ன செய்தாள் தெரியுமா? டிக்கெட் இல்லை, விசா இல்லை, புருஷன்காரனிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. அதற்குள் சபையில் ஜெப விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில், "நமது சபையின் சகோதரி ஸ்வீட்லின், தன் கணவரோடு ஐரோப்பிய நாடுகளுக்குப் பயணம் செய்ய இருக்கிறார்கள். பயணத்துக்காக ஜெபித்துக்கொள்வோம்" என்று வாசித்தார்கள். ஆராதனை யூடியூபிலும் போகிறது. துபாயில் இருக்கிற சித்தி மகன் முதல் கனடாவில் இருக்கிற பெரியப்பா மகள் வரை பார்த்துவிட்டு, "என்னலே, சொல்லவே இல்லையே!" என்று ஜெய்சனைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானமே அவன் போன் வந்தது.

"யாரக் கேட்டு சர்ச்சுல சொன்னிய?"

"அத்ததான் குடுத்தாவ. எனக்கே அங்கன போய்த்தான் தெரியும்."

"சரி, வா. நான் பாரீசுக்கு வந்துருதேன். ஸ்டுட்கார்ட மட்டும் எடுத்துரு. அந்த மூணு ராத்திரியையும் பாரீஸ்லயே போட்டுக்கோ."

"ஏன் அத்தான்?"

"வீடு சின்னது. அதோட எந்த நாட்டுல கூட நாள் தங்குதோமோ அவன்கிட்டதான் விசா கேக்கணும். ஜெர்மனிக்குன்னா இழுத்தடிப்பான். பிரான்ஸ்ல கேளு."

"சரி" என்றாள். நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தாள், படபடக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து ஸ்டுட்கார்டை அழித்தாள். ரயிலை மாற்றினாள். சாலோமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போய் எதிரே உட்கார்ந்து அவளும் ஆய்ந்தாள்.

"என்ன சொல்லுதான்?" என்று சாலோமி கேட்டாள்.

"வரச் சொல்லிட்டாவ அத்த."

சாலோமி கீரைக் கையோடு மேலே பார்த்து, "ஸ்தோத்திரம்!" என்றாள்.

டிராவல்ஸ் கடையில் விசா வேலை பார்க்கிற தஸ்மியா நல்ல பிள்ளை. கம்ப்யூட்டரில் ஊர்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, அண்ணன் ஜெர்மனியிலதான இருக்காவ? அங்கன ஒரு நாளுகூடத் தங்கலியே, விட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அவ்வளவுதான்."

தஸ்மியா அவள் முகத்தைப் பார்த்தாள். டீ வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தாள். விசாவும் வந்தது. அதையும் ஸ்வீட்லின் கரண்டு பில்லைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் பீரோவில் வைத்தாள்.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில், பாக்கியசீலன் ஐயர் அவளை முன்னால் கூப்பிட்டார். குருவானவரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வது. நல்ல மனுஷன், ஆனால் அவர் ஜெபத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பயணம் போகிறவர்களுக்கு மொத்தமாக ஒரு ஜெபம் பண்ணி அனுப்ப மாட்டார். போகிற ஊர் ஒவ்வொன்றையும் பேர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வாலிபர் சங்கம் மாஞ்சோலைக்குப் பஸ்ஸில் போனபோது கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஜெபித்தவர். நின்றவர்களுக்குக் கால் கடுத்துப்போயிற்று.

"எந்தெந்த ஊரும்மா? வரிசையாச் சொல்லு" என்று மைக்கை அவள் பக்கம் திருப்பினார்.

"ஆம்ஸ்டர்டாம்... பாரீஸ்... சூரிச்... ரோம்."

ஐயர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். "நம்ம ஜெய்சன் இருக்கிற ஊரு? அதத்தானம்மா முதல்ல சொல்லணும்."

ஒரு பொய் போதும். "ஆமா ஐயா, அதுவும்" என்றால் தீர்ந்தது. அந்தப் பொய்யைத் தேடித்தான் பார்த்தாள். அதற்குக்கூட உள்ளே தெம்பு இல்லை.

"அங்க மட்டும் போகல ஐயா. வராதன்னுட்டாவ. அந்த வீட்டுல வேற ஒரு பொண்ணு இருக்கா."

வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில்தான் சொன்னாள். சபை மொத்தமும் அவளையே பார்த்தது. பாட்டுக் குழுப் பிள்ளைகள், ஆர்கன் வாசிக்கிறவர், தொட்டிலில் போட்ட மாதிரித் தூங்கி வழிகிற பெரியவர்கள்கூட.

சாலோமியைத்தான் அவள் தேடினாள். ஐயோ, இப்படிப் போட்டு உடைத்துவிட்டோமே, மயங்கி விழுந்துவிடுவாளே என்று. சாலோமி மயங்கவில்லை. திடுக்கிடக்கூட இல்லை. அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் ஸ்வீட்லினைப் பார்க்காமல் தலையைக் குனிந்து கீர்த்தனைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அங்கே பாட்டு நம்பர் சொல்லியிருக்கவில்லை.

ஸ்வீட்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அத்த, உங்களுக்குத் தெரியுமா?"

சாலோமி பைய எழுந்தாள். "கிறிஸ்மஸுக்கு முன்னாலயே சொல்லிட்டான் மக்களே. சபையறியச் சொல்லிட்டா அவனால மறுக்க முடியாதுன்னுதான் ஜெபம் போட்டேன். நீ நேர்ல போய் நின்னா மனசு மாறிருவான்னு... உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா..."

"நீங்க தாங்க மாட்டியன்னுதான் அத்த நான் இத்தன நாளும் வாயே தொறக்கல" என்றாள் ஸ்வீட்லின்.

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஜெய்சனை நினைத்து ஒரு பொட்டுக்கூட வராத அழுகை, இப்போது அத்தனை பேர் முன்னாலும், அடக்க அடக்க நிற்காமல் வந்தது.