கிளட்ச் இல்லாத வண்டி

ஓட்டிப் பார்க்கச் சொல்லி சேல்ஸ்மேன் சாவியைத் தமிழரசனிடம் நீட்டியபோது அனுப்ரியாவுக்கு வந்த கோபத்தில் அந்தக் கண்ணாடி ஷோரூமே நொறுங்கி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஏசி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சென்றாயன் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைச் சிந்தாமல் குடிப்பதிலேயே கவனமாக இருந்தார். அம்மா ஜோதியம்மாள் புது வண்டியின் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரல் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்தாள். அண்ணன் தமிழரசன் சாவியை வாங்கிக்கொண்டு, அந்த சீட்டிலேயே பிறந்து வளர்ந்தவனைப் போல ஏறி உட்கார்ந்தான்.

"பாப்பா, நீ பின்னாடி ஃப்ரீயா உக்காந்துக்கோ. கால நல்லா நீட்டிக்கலாம்" என்றார் மாமா முனிராஜ்.

நீட்டுவதற்கு அவளுக்கு இருந்ததே ஒன்றரைக் கால். அதை மாமா மறந்துவிட்டார். மறப்பதில் அந்தக் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

வண்டி வாங்குகிறவள் அவள். பணம் அவளுடையது. லைசென்ஸ் அவளுடைய கைப்பையில் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அங்கே செயற்கைக் கால். கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் கிடையாது, பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது காலுக்குத்தான், அந்த வலது கால் அவளுக்குக் கல் மாதிரி நன்றாக இருந்தது. விஷயம் இவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஓசூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் லீவு நாளெல்லாம் போய்க் கற்றுக்கொண்டு, டாக்டர் சர்டிபிகேட்டோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து அந்த லைசென்சை வாங்கியிருந்தாள். "எனக்குக் கிளட்ச் இல்லாத வண்டி வேணும்" என்று சாப்பிடும்போது சொன்னாள், டிவி பார்க்கும்போது சொன்னாள், ஷோரூமுக்குக் கிளம்பும்போதும் சொன்னாள். எல்லாரும் "சரி பாப்பா" என்றார்கள். முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இந்தச் "சரி"யை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முனிராஜ் மாமா பெங்களூரு ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி ஓட்டுகிறவர். ஆகவே உலகத்தில் உருளும் எல்லாவற்றுக்கும் அவரே அதிகாரி. "ஆட்டோ கியரு வண்டியா? மைலேஜே குடுக்காது. ரிப்பேருன்னு வந்தா வாயப் பொளந்துக்கினு நிக்கணும்" என்றார். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மைலேஜ்தான் என்று பெரிய எழுத்தில் எதிரே ஒட்டியிருந்தது. மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு பேச்சு கலருக்குப் போனது. வெள்ளை எடுத்தால் விற்கும்போது நல்ல விலை போகுமாம். வாங்கவே இல்லை, அதற்குள் விற்கிற யோசனை!

அனுப்ரியா பின் சீட்டில் உட்கார்ந்து அண்ணனின் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தப் பிடரியை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னாலும் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். பர்கூரில் இன்ஜினியரிங் முடித்து, சூளகிரிப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. குருபரப்பள்ளி தாண்டி, நல்ல பட்டப்பகலில், ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு கிரானைட் லாரி நின்றிருந்தது. பைக் ஓட்டிய தமிழரசன் லாரியைப் பார்க்கவில்லை. இடது கையில் வைத்திருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தோளில் நாலு தையல். அவளுக்குக் கால் போனது.

லாரி நிற்கக்கூடாத இடத்தில் நின்றதால் கேஸ் நடந்து இன்சூரன்ஸ் பணம் வந்தது. அந்தப் பணத்துக்கு வீட்டில் யாரும் பெயர் வைத்துப் பேச மாட்டார்கள். "பேங்க்ல இருக்கறது" என்பார்கள். போன் சமாச்சாரத்தையும் யாரும் பேச மாட்டார்கள். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்றிலிருந்து அது லாரிக்காரன் செய்த அநியாயம் என்று மட்டும்தான் பெயர்.

அதைவிடக் கொடுமை, அதே அண்ணனின் பைக்கில்தான் அவள் தினமும் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஊரிலிருந்து ஹைவேக்கு பஸ் கிடையாது, தினமும் ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. இப்போது எருமை நடக்கிற வேகத்தில் ஓட்டுவான். சில நாள் எழுந்திருக்கவே மாட்டான், பஸ் போய்விடும், சூப்பர்வைசரிடம் அவள் பல்லிளிக்க வேண்டும். வேலைக்குப் போடா என்றால், "பாப்பாவ யாரு கொண்டுபோய் விடறது?" என்பான். அம்மா உருகிப்போவாள். தங்கச்சியின் காலை வைத்து அண்ணன் ஐந்து வருஷமாக வீட்டில் சோறு சாப்பிடுகிறான் என்று அனுப்ரியா நினைப்பாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள். மறுநாள் பஸ் போய்விட்டால் மறுபடியும் நினைப்பாள்.

கிளட்ச் இல்லாத புது வண்டி அவள் பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் எட்டாமல் இருந்தது. "அப்ப பழசு பாக்கலாம்" என்று அவளே எல்லாரையும் ஓசூருக்கு இழுத்துப் போனாள். பாகலூர் ரோட்டில் மாரிமுத்து என்பவரின் பழைய கார் யார்டு. விருதுநகர்ப் பக்கத்துக்காரர்; கம்பெனி வேலைக்கு வந்து, அதை விட்டுவிட்டு இதில் இறங்கியவர். நின்ற வண்டிகளில் பாதி கர்நாடகா நம்பர். பெங்களூரு நெரிசலில் கிளட்ச் மிதித்து முட்டி தேய்ந்தவர்கள் ஆட்டோமேட்டிக் வாங்குகிறார்கள், அது அலுத்ததும் பெரிய வண்டிக்குப் போகிறார்கள், சின்னது எல்லை தாண்டி இங்கே வந்துவிடுகிறது.

அவள் பார்த்தது ஒரு சிவப்புக் குட்டி வண்டி. பின் பம்பரில் நீளமாக ஒரு கீறல். உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டே பெடல்.

"ஒரே ஓனரு அண்ணாச்சி. டீச்சரம்மா ஒருத்தவுக ஓட்டுன வண்டி" என்று மாரிமுத்து முனிராஜ் மாமாவிடம் ஆரம்பித்தார்.

"அண்ணே, வண்டி எனக்கு. எங்கிட்ட சொல்லுங்க" என்றாள் அனுப்ரியா. குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பக்கத்தில் டயர் கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாரிமுத்து அவள் பக்கம் திரும்பினார். "தப்பா நெனச்சுக்கிறாதீங்க தங்கச்சி. வாங்க, நீங்களே ஓட்டிப் பாருங்க" என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். அவள் காலை அவர் பார்த்தார்தான். பார்த்துவிட்டு பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

பாகலூர் ரோட்டில் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே அவள் ஓட்டிப் போனாள். ஒரு இடத்தில் திடீரென்று மாடு குறுக்கே வந்தது, பிரேக் போட்டாள், வண்டி நின்றது. மாடு போனதும் மறுபடி கிளம்பியது. இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை. ஐந்து வருஷமாக அவளை யாராவது எங்காவது கொண்டுபோய் விட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போது அவள் போய்க்கொண்டிருந்தாள். அழுகை வந்தது, மாரிமுத்துவுக்கு முன்னால் அழ வேண்டாம் என்று அடக்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தால் அங்கே குடும்பம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. கர்நாடகா வண்டி, என்.ஓ.சி. வாங்கணும், இங்கே மறுபடி டாக்ஸ் கட்டணும் என்றார் மாமா. செகப்புக் கலரே ஆகாது என்றாள் அம்மா. அடுத்தவங்க ஓட்டிப் போட்ட வண்டியை வாங்கினால் ஊரில் என்ன பேசுவார்கள் என்றார் அப்பா. கால் போனபோது ஊர் என்ன பேசியது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

"பாக்கலாம் பாப்பா. என்னா அவசரம்?" என்றார் அப்பா கடைசியாக. அவள் மாரிமுத்துவிடம் ஒரு வாரம் வண்டியை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்தபோது அப்பா போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "வண்டி புக் பண்ணியாச்சு பாப்பா! புதுசு. வெள்ளக் கலரு. அட்வான்ஸ் நானே போட்டுட்டேன். மீதிய நீ பேங்க்ல இருக்கறதுல இருந்து போட்டுட்டா போதும்."

"எந்த வண்டிப்பா? கிளட்ச் இல்லாததா?"

"இல்ல பாப்பா, கியரு வண்டிதான். தமிழுக்கு அதுதான பழக்கம். ஒன்ன கம்பெனில விட்டுட்டு, மீதி நேரத்துல ஷிப்ட்டுக்குப் போற பொண்ணுங்கள ஏத்தி எறக்கினா அவனுக்கும் ஒரு பொழப்பாச்சில்ல? அதுக்கோசரம் அவன் பேருலயே எழுதிட்டோம். மாமாதான் சொன்னாரு."

அனுப்ரியா போனை வைத்தாள். சோற்றில் கை வைத்தவள் அப்படியே எழுந்து கை கழுவினாள். உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் ஏமாற்றியிருந்தால்கூடப் பரவாயில்லை. மனதார, அவளுக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்து, ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டில் காத்திருப்பார்கள். அதை நினைத்தால் இன்னும் எரிந்தது.

காத்திருந்தார்கள். மாமாகூட வந்திருந்தார். மைசூர்பாகு டப்பா திறந்திருந்தது. ஷிப்ட் முடித்து வந்ததும் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு உட்காருவதுதான் அவள் வழக்கம். மாலையில் அந்த இடம் புண்ணாய் வலிக்கும். அன்றைக்கு அவள் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை.

"நான் பணம் போட மாட்டேன்" என்றாள்.

"அட்வான்ஸ் போயிடும் பாப்பா!" என்று பதறினார் அப்பா.

"போவட்டும். எனக்குப் போனத விட அது பெருசில்ல."

அம்மா கிட்டே வந்தாள். "ஏன் சாமி இப்பிடிப் பேசற? தனியா ஒரு பொட்டப்புள்ள அந்த ரோட்டுல வண்டி ஓட்டிக்கினு போவுமா? எதுனா ஆச்சுன்னா? அண்ணன் இருக்கறான், அவன் பத்திரமா ஓட்டுவான்."

"அன்னிக்கும் அவன்தான் ஓட்டினான்."

அந்த வீட்டில் ஐந்து வருஷத்தில் யாரும் சொல்லாத வார்த்தை அது. மாமா மைசூர்பாகை டப்பாவிலேயே திரும்ப வைத்தார். அப்பா சுவரைப் பார்த்தார்.

"லாரிக்காரன் தப்பா நிறுத்தினான், சரி. இவன் எங்க பாத்துக்கினு ஓட்டினான்? ஒங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தராச்சும் இவன ஒரு வார்த்த கேட்டீங்களா? கேக்க மாட்டீங்க. அவன் ஆம்பளப் புள்ள. என் கால வித்த காசுல அவனுக்குக் காரு. நான் பின்னாடி உக்காந்துக்கினு அவன் பிடரியப் பாத்துக்கினே கெழவி ஆவணுமா?"

தமிழரசன் எழுந்தான். முகம் வெளுத்திருந்தது. "நீ என்னா வேணா சொல்லு பாப்பா. ஒன்ன தெனமும் நான் எதுக்குக் கொண்டுபோய் விடறேன்னு நெனைக்கிற? வேலைக்குப் போவத் தெரியாமலா? நான் பண்ணதுக்கு, சாவற வரைக்கும் ஒன்ன ஏத்தி எறக்கணும்னு சாமிகிட்ட வேண்டிக்கினேன். அதயும் வேணாம்னா நான் என்னா பண்றது?"

அம்மா அழ ஆரம்பித்தாள். ஒரு விநாடி அனுப்ரியாவுக்கும் நெஞ்சு இளகியது. அடுத்த விநாடி, ஐந்து வருஷக் கோபமும் ஒன்றாய்த் திரண்டு வந்தது.

"வேண்டிக்கினது நீ. என்னக் கேட்டியா? நீ பண்ண பாவம் தொலையறதுக்கு நான் ஆயுசுக்கும் பின் சீட்டுல உக்காரணுமா?"

அவள் அங்கேயே நின்றபடி மாரிமுத்துவுக்குப் போன் போட்டு, வண்டி எனக்குத்தான் என்று சொன்னாள்.

பேப்பர் வேலை முடிய இரண்டு மூன்று வாரம் ஆயிற்று. அத்தனை நாளும் பைக்கில் போக மாட்டேன் என்று, தெரிந்த ஆட்டோவைப் பிடித்துப் போனாள். அப்பா அவளோடு பேசவில்லை. சிவப்பு வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோதும் வெளியே வரவில்லை. அம்மா மட்டும் வந்து, கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை கம்பெனிக்குக் கிளம்பினாள். தமிழரசன் வாசலில் நின்றிருந்தான்.

"நானும் வரட்டுமா பாப்பா?"

"எதுக்கு?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். அவள் கோபம் தணிந்துவிடவில்லை. தணிந்ததாக நடிக்கவும் அவள் தயாராக இல்லை. ஆனாலும் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறு. சூளகிரில எறங்கிக்கோ. அங்க கம்பெனிங்கள்ல ஆள் எடுக்கறாங்க. போய்க் கேளு. பெல்ட்டு போடு."

ஹைவேயில் ஏறியதும் காலை ஷிப்ட் பஸ்களும் லாரிகளும் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. அவள் தன் பாதையை விட்டு நகராமல் ஓட்டினாள். குருபரப்பள்ளி தாண்டியதும் பக்கத்து சீட்டில் மூச்சுத் திணறுவதுபோல ஒரு சத்தம். அண்ணன் அழுதுகொண்டிருந்தான்.

"பாப்பா, அன்னிக்கி நான் போனு..." என்று ஆரம்பித்தவன் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஐந்து வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த பேச்சு. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. முன்னால் போன லாரி வேகத்தைக் குறைத்தது. அவள் பிரேக்கில் மெல்லக் கால் வைத்தாள்.

"சொல்லு. கேட்டுக்கினுதான் இருக்கறேன்" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.