பின் சீட்டின் ஈரம்

அலுவலகத்தில் அவனுக்கு ‘வெந்நீர்’ என்று பட்டப்பெயர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரியே எப்போதும் அலைவதால் யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் சாவிக்கொத்து ஆடும். தன் பழைய காரில் சிக்னலில் மாட்டிக்கொண்டால் கண்ணாடி கழுவும் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே இருப்பான். முன் கண்ணாடிக்கு ஒரு தட்டு, பின் கண்ணாடிக்கு ஒரு தட்டு. பின்னால் தண்ணீர் வந்ததா என்று திரும்பிப் பார்க்க அவனுக்கு ஏது பொறுமை?

மறுநாள் காலை அப்பாவோடும் மனைவியோடும் ஊருக்குப் போய் அத்தையைப் பார்க்கவேண்டும். அப்பாவின் ஒரே அக்கா. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்கு முதுகு வலி.”

முதுகு வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கொஞ்ச நாளாகவே காரிலிருந்து இறங்கினால் அப்பாவின் பேன்ட் பின்னால் நனைந்திருந்தது. முதல் தடவை “எனக்கே தெரியலையேடா” என்று அவர்தான் மெல்லச் சொன்னார். அடுத்த தடவைக்குப் பிறகு, மாமா சங்கடப்படக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில், அவன் மனைவி அவர் உட்காரும் மூலையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டாள். அதைப் பார்த்த அன்றோடு அவர் காரில் ஏறுவதை விட்டார். தண்ணீர் குடிப்பதையும் ஏறக்குறைய விட்டார்.

அவர் வரவில்லை என்றதும் அவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அப்படித் தோன்றியதே என்று தன்மேல் எரிச்சல். எரிச்சல் வந்தால் எதையாவது கழற்றியாகவேண்டும் அவனுக்கு. ஸ்க்ரூடிரைவரோடு வாசலுக்கு வந்தான்.

தூசி ரோட்டில் போகவேண்டும், பின் கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லை. தொட்டியோ எத்தனை ஊற்றினாலும் காலி. முன்பக்கம் குனிந்து பார்த்தான். தொட்டி சரி, மோட்டார் சரி, தரை காய்ந்து கிடந்தது. அப்படியென்றால் இத்தனை நாள் ஊற்றிய தண்ணீர் எங்கே போய்த் தொலைந்தது? தொட்டியை மறுபடி நிரப்பி, சாவியைத் திருப்பிக் கைப்பிடியைத் தட்டினான். மோட்டார் உறுமியது. எங்கோ உள்ளே சொட்டுச் சத்தம்.

பின் சீட்டுக்குத் தாவி, கதவோரத்து மூடியை நெம்பினான். கூரை வழியாகப் பின்னால் போகும் ரப்பர் குழாய், முனை வெடித்து இணைப்பிலிருந்து கழன்று தொங்கியது. தண்ணீர் மூடிக்குள்ளேயே வழிந்து சீட்டின் பஞ்சுக்குள் இறங்கியிருந்தது. அப்பாவின் மூலையில். பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கினான். அடியில் குளமாக நின்றது.

தான் தட்டிய தட்டெல்லாம் அவன் கண்முன் வந்தன.

வீட்டுக்குள் ஓடினான். “அப்பா, எழுந்திருங்க. இப்பவே வாங்க.”

“நான்தான் வரலன்னு சொன்னேனே.”

“ஊருக்கு இல்ல. வாசலுக்கு. வாங்கப்பா!”

அப்பாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தான். ஒரு துண்டை எடுத்து மூலையை நன்றாக ஒற்றிவிட்டு, தானே அங்கே உட்கார்ந்தான். “அந்தக் கைப்பிடியத் தட்டுங்க. இன்னும். இன்னும்.”

அப்பா தட்டினார். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறந்ததிலிருந்து அவன் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அடியில் ஈரம் ஏறியதும் இறங்கித் திரும்பி நின்று காட்டினான்.

அப்பா இறங்கி வந்து மகனின் பேன்ட்டைப் பார்த்தார். தொங்கும் குழாயைப் பார்த்தார். பஞ்சை அழுத்திப் பார்த்தார், விரல்களுக்கிடையே தண்ணீர் வந்தது.

“மன்னிச்சிருங்கப்பா” என்று அவன் டேஷ்போர்டிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தான். “முனைய வெட்டி மாட்டிட்டா போதும், ரெண்டே நிமிஷம்.”

அப்பா அவன் கையைப் பிடித்தார். “இப்ப மாட்டாத. முதல்ல உம் பொண்டாட்டியக் கூப்பிடு. அவளும் பாக்கட்டும்.”

அவள் வந்தாள். அப்பாவே முன் சீட்டில் ஏறிக் கைப்பிடியைத் தட்டினார். குழாயிலிருந்து சொட்டியது அவள் உள்ளங்கையில் விழுந்தது.

“ஐயோ, மாமா…”

“இருக்கட்டும்மா” என்றார். “குடிக்கத் தண்ணி கொண்டா. ரொம்ப நாளா தாகமா இருக்கு.”