வாசலில் இன்னொரு பெரிய சப்பாத்து

மலேசியாவின் குளுவாங் ஊரில் அந்தத் தெருவில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் முதலில் தனலெட்சுமி வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பலகாரம் கேட்டு அல்ல, மிலானைக் கேட்டு. செர்பியாவிலிருந்து வந்த மிலான் ஆறடி பத்து அங்குலம். பந்தல் போட, தோரணம் மாட்ட, கூரைமேல் விழுந்த இறகுப்பந்தை எடுத்துத் தர அவன் இருந்தால் ஏணி வேண்டாம். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே போவான். அடக்கமான பையன் என்று தெருவில் பேர். கதவு நிலையில் நெற்றி இடிக்காமல் இருக்கத்தான் குனிகிறான் என்பது தனலெட்சுமிக்குத் தெரியும். இருந்தாலும் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவனுடைய பிழைப்பு கூடைப்பந்து. போர்ச்சுகல், லெபனான், வியட்நாம் என்று நீளப் பை ஒன்றோடு நாடு நாடாகப் போய் ஆடியவன். இந்த சீசனுக்கு ஊர்க் கிளப் அவனை வரவழைத்து, தனலெட்சுமி வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்துத் தங்க வைத்திருந்தது. வயது முப்பத்து நான்கு. பாதி சீசனில் திருப்பி அனுப்பப்பட்ட முப்பத்து நான்கு வயது ஆட்டக்காரனை உலகத்தில் எந்தக் கிளப்பும் மறுபடி கூப்பிடாது. இதை அவனே ஒருநாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டு, ஏதோ மழை வரும் என்பதைப் போலச் சொல்லியிருந்தான்.

அவனிடம் ஒரே ஒரு குறை. எதிராளி கூடையைப் பார்த்துப் பந்தைத் தூக்கினால் போதும், தடுக்கிறேன் என்று இவன் மேலே பாய்ந்துவிடுவான். பந்தின் மேல் விழ வேண்டியவன் ஆளின் மேல் விழுவான். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டும். ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் மிலான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருப்பான். பயிற்சியாளர் லிம் எல்லா ஆட்டத்திலும் ஒரே வார்த்தையைக் கத்தித் தொண்டை கட்டிப்போனார்: "தரையில் நில்."

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கிளப் மேலாளர் குணாளன் வந்து வாசலில் நின்று சிரித்தான். அவனுக்குப் பின்னால் இன்னொரு நெடுமரம் நின்றது. ஒல்லியாக, கறுப்பாக, தூக்கம் நிறைந்த கண்களோடு.

"அக்கா, ஒரு சின்ன ஹெல்ப்லா."

"உன் சின்ன ஹெல்ப் எப்பவும் இவ்ளோ உயரமாத்தான் இருக்குமா?"

"இவரு டெரெல். அமெரிக்கா. செனாய் ஏர்போர்ட்லேர்ந்து நேரா வர்றோம். மாடியில இன்னொரு ரூம் சும்மாதானே கெடக்குது."

தனலெட்சுமி முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. ஒரு குழுவுக்கு ஒரே ஒரு வெளிநாட்டுக்காரன்தான். அது அவளுக்கும் தெரியும்.

"மிலானுக்குத் தெரியுமா?"

"சாயந்தரம் அஞ்சு மணிக்கு டேவான் மண்டபத்துல ரெண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கமா எதிரெதிரா ஆட விட்டுப் பாக்கப் போறோம். ஜெயிக்கிறவர் இருப்பாரு. அது வரைக்கும் நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. இந்தத் தொழில்ல இப்படித்தான்கா. புது ஆளு வந்து எறங்கின பெறகுதான் பழைய ஆளுக்குச் சொல்லுவாங்க."

"நல்ல தொழிலு," என்றாள் தனலெட்சுமி.

டெரெல் மாடிக்குக் குளிக்கப் போனான். அவள் கணவர் தங்கராஜு நாளிதழை மடித்து வைத்தார். தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை இல்லாத மூளைக்குக் குறும்பு நன்றாக ஓடும்.

"லெட்சுமி, இன்னிக்கு வெள்ளிக்கிழம. வடையும் பாயசமும் எப்படியும் செய்வே."

"செய்வேன். அதுக்கென்ன?"

"வந்தவனுக்கு வயிறு நெறையப் போடு. உன் பாயசத்த ரெண்டு கிண்ணம் குடிச்சவன் அஞ்சு மணிக்குக் குதிக்க மாட்டான், உருளுவான். நம்ம பையன் தப்பிச்சுக்குவான்."

"சீ, வீட்டுக்கு வந்தவனுக்குக் குழி பறிக்கச் சொல்றீங்களே."

"நான் எங்க குழி பறிக்கச் சொன்னேன்? சோறு போடத்தானே சொன்னேன்."

அவர் காப்பிக் கடைக்குப் போய்விட்டார். தனலெட்சுமி பூசையறையில் பிள்ளையார் படத்துக்கு முன் நின்றாள். விருந்தாளிக்குச் சாப்பாடு போடுவது பாவமா, நீயே சொல் என்று கேட்டாள். பிள்ளையார் கையில் மோதகத்தோடு பேசாமல் இருந்தார். மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு அவள் நெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

அப்படி ஒரு சமையலை அவள் தீபாவளிக்குக்கூடச் செய்ததில்லை. உளுந்து வடை, நெய் விட்ட சாம்பார் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், கரண்டியை நிறுத்தினால் நிற்கிற அளவு கெட்டியாக ஜவ்வரிசிப் பாயசம். கிளறும்போது பூசையறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அவள் இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றினாள்.

டெரெல் வந்து மேசையில் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் மேசைக்கு மேலே தெரிந்தன. சாப்பாட்டைப் பார்த்ததும் கையை வைக்காமல் கண்களை மூடித் தலை குனிந்தான். தனலெட்சுமி பாயசக் கரண்டியோடு காத்திருந்தாள். அந்த ஜெபம் முடியவே இல்லை.

"இவ்வளவு நேரம் என்ன கேட்டீங்க?" என்று அவன் கண்ணைத் திறந்ததும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இதைச் சமைத்த கைகளுக்காகக் கேட்டேன். இந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது என்று கேட்டேன். மூன்று விமான நிலையத்தில் ரொட்டி தின்றுவிட்டு வந்தவன் ஆன்ட்டி. வேறென்ன கேட்பேன்?"

அவன் சாப்பிட ஆரம்பித்தான். இரண்டாவது தடவை சாதம் கேட்டுத் தட்டை நீட்டியபோது தனலெட்சுமி தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள். சாதப் பாத்திரத்தை மூடினாள். வடைத் தட்டை நகர்த்தி வைத்தாள். பாயசத்தை ஊற்றவே இல்லை.

"போதும். அஞ்சு மணிக்கு ஆட்டம் இருக்கு. போய்த் தூங்குங்க."

டெரெல் வடையை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு மாடி ஏறினான். விருந்தாளியைப் பாதியில் எழுப்பிவிட்ட வீடு என்று அவளுடைய அம்மா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். தனலெட்சுமிக்கோ மனம் லேசாயிற்று. ஆனால் மிலானை நினைத்ததும் மறுபடி கனத்தது. இனி நம் கையில் ஒன்றுமில்லை என்று, அவனுக்காக விளக்குப் போடக் கோயிலுக்குக் கிளம்பினாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் மிலான் பயிற்சி முடிந்து வந்தான். சப்பாத்தைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றான். வாசலில் தன்னுடையதைப் போலவே இன்னொரு பெரிய சப்பாத்து. மலேசியாவில் எந்த வீட்டிலும் காலணி வாசலில்தான் கிடக்கும். அதனால் அவனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தங்கராஜு காப்பிக் கடையிலிருந்து திரும்பியிருந்தார். மாடியில் குறட்டை கேட்டது. வேலை நடந்துவிட்டது, தின்ற மயக்கம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மிச்சம் இருந்த எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார்.

"சாப்பிடு மிலான். கவலைப்படாதே. எல்லாம் நல்லபடியா முடியும்."

கவலை வந்தால் சிலருக்குச் சோறு இறங்காது. மிலான் அந்த ரகமில்லை. சாம்பார் சாதத்தை முடித்தான். வடையை முடித்தான். பிறகு பாயசச் சட்டியை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டான்.

தனலெட்சுமி நெற்றியில் திருநீறோடு திரும்பியபோது சட்டி கழுவி வைத்தது போல் இருந்தது.

"பாயசம் எங்கங்க?"

"மிலான் தம்பிதான் முடிச்சான். பாவம், நல்ல பசி."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டெரெலுக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் இரவுக்குள் காப்பிக் கடை முழுக்கத் தெரிந்துவிடும். "முருகா" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து மணிக்கு டேவானில் ஆட்டம் தொடங்கியது. தங்கராஜு முதல் வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார்.

"என்ன பண்றீங்க?"

"வீடியோ எடுக்கிறேன். அமெரிக்காக்காரன் உருளறத அப்புறம் போட்டுப் பாத்துச் சிரிக்கலாம்ல."

டெரெல் உருளவில்லை. கொஞ்சமாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கியவன் பறந்தான். தூரத்திலிருந்து எறிந்தால் வலையில் விழுந்தது. "இப்ப விழுவான் பாரு... இப்ப விழுவான் பாரு," என்று தங்கராஜு முணுமுணுத்துக்கொண்டே அவனையே படம் பிடித்தார்.

மிலானோ நிலைக்கு வந்த தேர் மாதிரி கூடைக்குக் கீழே நின்றான். டெரெல் முதல் தடவை பாய்ந்து வந்தபோது, பழக்கதோஷத்தில் மிலானும் எம்பப் பார்த்தான். மனம் மேலே போனது. பாயசம் போக விடவில்லை. கையை மட்டும் நேராகத் தூக்கிக்கொண்டு நின்றான். டெரெல் அந்த மலையில் மோதிக் கீழே உட்கார்ந்தான். பந்து கூடையின் விளிம்பில் பட்டு, நேராக மிலான் கையில் வந்து விழுந்தது.

விசில் ஊதவில்லை. ஃபவுல் இல்லை.

லிம் கத்துவதற்காகத் திறந்த வாயை மூடினார். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். தூரத்திலிருந்து டெரெல் எறிந்ததெல்லாம் வலையில் விழுந்தது. பக்கத்தில் வந்ததெல்லாம் மிலானிடம் தோற்றது. மிலானின் பக்கம் கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக அவன் கடைசி விசில் வரை களத்தில் இருந்தான்.

"ஆறு மாதமாகச் சொல்கிறேன்," என்று லிம் அவன் முதுகில் தட்டினார். "இன்றைக்குத்தான் காது கேட்டதா?"

மிலான் தலையை மட்டும் ஆட்டினான். வாயைத் திறந்தால் ஏப்பம் வந்துவிடும் என்று பயந்தான்.

குணாளன் வந்து சொன்னான்: "மிலான் இருக்கட்டும்னு கோச் சொல்லிட்டாருக்கா. எங்களுக்குக் கூடைக்கடியில நிக்கத்தான் ஆளு வேணும்."

தனலெட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கும்போதே பெஞ்சின் ஓரத்தில் டெரெல் கண்ணில் பட்டான். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போவதற்குள் மிலான் மெல்ல நடந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நானும் ஒரு தடவை இப்படி இன்னொருவன் இடத்துக்கு வந்து தோற்றவன்தான்," என்றான். "தாய்லாந்தில் ஒரு பயிற்சியாளரைத் தெரியும். ஓடுகிற, தூரத்திலிருந்து போடுகிற ஆள் தேடுகிறார். உன் ஆட்டத்தின் வீடியோ இருக்கிறதா?"

"எல்லாம் போன வருஷத்தது."

மிலான் சுற்றிலும் பார்த்தான். "இன்றைக்கு யாராவது எடுத்தீர்களா?"

டேவானில் தங்கராஜுவைத் தவிர யாரும் எடுத்திருக்கவில்லை. தங்கராஜு கைப்பேசியை மெதுவாகச் சட்டைப் பைக்குள் விட்டார். தனலெட்சுமி அதை மெதுவாக வெளியே எடுத்தாள்.

டெரெல் எறிந்தது, ஓடியது, பாய்ந்தது, எல்லாம் அதில் இருந்தன. மோதி விழுந்தபோது மட்டும் தங்கராஜு பரவசத்தில் கையை ஆட்டிவிட்டதால் படத்தில் கூரைதான் தெரிந்தது. மிலான் அதை அந்தப் பயிற்சியாளருக்கு அனுப்பினான். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தாய்லாந்திலிருந்து பதில் வந்துவிட்டது: ஆளை உடனே அனுப்பு.

டெரெல் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். "ஆன்ட்டி, இதில் அங்கிள் விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறாரே. எனக்காகப் பிரார்த்தனை செய்தாரா?"

தனலெட்சுமி பொய் சொல்கிறவள் இல்லை. "அதை அவர்கிட்டயே கேளுங்க," என்றாள்.

"அலமாக், மறந்தே போச்சு," என்று தங்கராஜு அவசரமாக எழுந்தார். "கேட் பூட்டினேனான்னு பாத்துட்டு வர்றேன்."

மறுநாள் காலை தாய்லாந்தின் ஹட்ஜாய்க்குப் போகும் பஸ்ஸுக்கு டெரெல் கிளம்பினான். ஓர் ஆள் நீளத்துக்கு இருந்த அவனுடைய பையைத் தூக்க மிலான் குனிந்தான். தனலெட்சுமி அவன் கையைத் தட்டிவிட்டு, கணவரைப் பார்த்தாள்.

"நீங்க தூக்குங்க."

"நானா? பஸ் ஸ்டாண்டு வரைக்குமா?"

"பஸ்ஸுக்குள்ள வரைக்கும்."

 தங்கராஜு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் இரண்டு நெடிய ஆட்டக்காரர்களும் வெறுங்கையோடு, அவருடைய நடைக்கு ஏற்றபடி மெதுவாக நடந்தார்கள்.